கண்மாய்க் கரையில் ஒரு சரவெடி

4.2.2007, ஞாயிறு

எங்கள் கண்மாயைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கும் முன் ஊரைக் கலந்து பேச வேண்டும் என்று இன்று வனத்துறை அதிகாரி வந்தார். பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு என்பதால் ஊரே கரையில் கூடிவிட்டது. ஆடுகள் தண்ணீர் குடிக்க வடக்குக் கரையை மட்டும் விடுங்கள், மீதியை நாங்களே காவல் காக்கிறோம் என்று வார்டு மெம்பரான நான் பேசுவதாக இருந்தது.

ஜீப் வந்து நின்றதும் என் கொழுந்தன் மாரியப்பன் சரவெடியைக் கொளுத்திவிட்டான்.

நாரைகள் மொத்தமாக எழுந்தன. கருவேல மரக் கூடுகளிலிருந்து குஞ்சுகள் தண்ணீரில் விழுந்தன.

"இவங்ககிட்ட இனி என்னத்தக் கேக்குறது? வேலி போட வேண்டியதுதான்" என்று அதிகாரி திரும்ப ஜீப்பில் ஏறிவிட்டார்.

நாரை கூடு கட்டிவிட்டால் இந்த ஊரில் யாரும் வெடி போடுவதில்லை. போன மாதம் தன் அப்பா சாவுக்குக்கூட வேட்டுப் போடாதவன் மாரியப்பன். இதைச் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினேன். ஜீப் நிற்கவில்லை.

ஆத்திரத்தில் அவனைக் கண்டபடி ஏசினேன்.

"அம்புட்டுப் பெரிய ஆபீசர் வாராக. வெடிக்காரன் ஊருல ஒரு சரம்கூடப் போடலைன்னா, மதிக்கலைன்னு நெனச்சிருவாகன்னுதான் மதினி" என்றான். அப்போது அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று குஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். உயிருள்ளதை மரத்தில் ஏறி வைத்துவிட்டு, மறுபடி இறங்கினான்.



கரையேறும்போது கேட்டான்: "வேலி போட்டுட்டா, விழுந்த குஞ்சை யாரு மதினி தூக்கி வைப்பா?"