அம்மா இல்லாத ஆல்பம்

மணமேல்குடி,
4.12.2024

பெலிக்ஸ் அண்ணனுக்கு, பரிமளா எழுதுவது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதான் கடிதம்.

நீங்க எடுத்த எங்க கல்யாண ஆல்பம் வந்தது. தாலி கட்டுற படம் அவ்வளவு அழகு! பந்தியில இலை போட்டவர்கூட இருக்கார். பெத்த தாய் ஒரு பக்கத்துலயும் இல்லை.

முழு வீடியோவையும் போட்டுப் பார்த்தேன். அம்மா மேடை ஏறி வருது. "ஆத்தா, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்கங்க"ன்னு உங்க குரல் கேக்குது. இறங்கிப் போன அம்மா அப்புறம் ஏறவே இல்லை.

அப்பா போய் ஆறு வருசமாச்சு. 'நான் மேடைக்கு வரக்கூடாதுடி'ன்னு சொன்ன அம்மாவை ஒரு மாசம் கெஞ்சிச் சம்மதிக்க வச்சேன். யார் சொல்லி அப்படிச் செஞ்சீங்க? சித்தப்பாவா? மறைக்காம எழுதுங்க.

பரிமளா

அன்னவாசல்,
9.12.2024

அன்புத் தங்கச்சி பரிமளாவுக்கு,

யாரும் சொல்லலைம்மா. நானாத்தான் சொன்னேன்.

தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு கல்யாணத்துல, பொண்ணோட அம்மாவைப் படத்துக்குக் கூப்பிட்டேன். அவங்களுக்கு வீட்டுக்காரர் இல்லைன்னு எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுல பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க. அந்தம்மா அழுதுக்கிட்டே இறங்கினாங்க. அன்னையிலேர்ந்து, வேற சாமி கும்புடுற வீட்டுல தப்பு பண்ணிடக்கூடாதேன்னு பயந்து, யாரும் சொல்றதுக்கு முந்தி நானே நகத்திவிட்டுருவேன். பதினாலு வருசம். புத்தி கெட்ட பய நான்.

தாலி கட்டுற நேரத்துல கேமராவை விட்டுக் கண்ணெடுக்க மாட்டேன். மேளம் கொட்டும், அரிசி விழும், ஆளுக்கொரு செல்போனை நீட்டிக்கிட்டு முன்னாடி வந்து நிப்பாங்க. அதுக்குள்ள அந்தப் படம் கிடைச்சுட்டா, நானே கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி சந்தோசம். அந்த அவசரத்துல உங்கம்மா முகத்தை நான் பார்க்கவே இல்லை.

எங்கம்மா ஆரோக்கியம்மாளும் எங்கப்பாவைப் பறிகொடுத்தவங்கதான். மாதா கோயில்ல என் கல்யாணத்துக்கு எம்பக்கத்துலயே நின்னாங்க. அதை நெனச்சா வெக்கமா இருக்கு.

திரும்பப் படம் எடுத்துத் தாரேன். அதுக்கு முன்னாடி இந்தக் கடிதத்தை அம்மாகிட்ட படிச்சுக் காட்டும்மா. தப்பு என்னோடதுன்னு அவங்களுக்குத் தெரியணும்.

பெலிக்ஸ்

திருக்கோகர்ணம்,
16.12.2024

பெலிக்ஸ் அண்ணனுக்கு,

உங்க மேல இருந்த கோவம் பாதி போச்சு. மீதி இருக்கு, இருக்கட்டும். தை பிறந்ததும் கேமராவைத் தூக்கிட்டு வாங்க.

நேத்து அம்மா வீட்டுக்கு வந்து உங்க கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். அம்மா எம்மூஞ்சியையே பார்த்துச்சு.

"அப்ப நீ சொல்லிவிடலையாடி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. புகுந்த வீட்டுக்குப் பயந்து, கடைசி நேரத்துல நாந்தான் உங்ககிட்ட சொல்லிட்டேன்னு நெனச்சிருக்கு. மூணு மாசமா! ஒரு வார்த்தை கேக்கலையே பாவி மனுசி. தலைதீபாவளிக்குப் போனப்ப சிரிச்சுக்கிட்டே அதிரசம் சுட்டுப் போட்டுச்சு. எங்க ரெண்டு பேருக்கும் எண்ணெய் வைக்க மட்டும், சுமங்கலி கையால வைக்கட்டும்னு பக்கத்து வீட்டு மருதாயி அத்தையைக் கூப்பிட்டுச்சு. எனக்கு அப்பக்கூட உறைக்கலண்ணே.

இன்னைக்குக் காலையில என்னை உக்கார வச்சு, அம்மாவே எந்தலையில எண்ணெய் வச்சுவிட்டுச்சு.

பரிமளா