குளத்து நீரா, கடல் நீரா

விட்கோம் துறை, மெய்ன்
3 செப்டம்பர் 1983

அன்புள்ள யூனிஸ்,

நலம்தானா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மே மாதம் ஆல்டனை அடக்கம் செய்த அன்று நீ எனக்கு முகம்கொடுக்காமல் காரில் ஏறிப் போனாய். அதன்பிறகு நான் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. குறை சொல்ல எனக்கு வாயில்லை. தம்பியைப் பறிகொடுத்தவள் நீ. ஆனாலும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து, உன்னிடம் சொல்லாமல் எனக்கு எதுவும் செரித்ததில்லை.

இங்கே கோடை முழுக்க மட்டி தோண்டத் தடை. கடலில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ உயிர் பெருகி, மட்டியெல்லாம் விஷமாகிவிட்டதாம். ஊரில் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு மீன் டப்பா ஆலையில் வேலை இருப்பதால் பொழுது போகிறது.

நான் எழுத வந்தது வேறு. ஆல்டனின் உடலைப் பரிசோதித்த டாக்டர், தொடை எலும்பின் மஜ்ஜையில் கொஞ்சம் எடுத்துவைத்திருந்தாராம். அதைப் பல்கலைக்கழகத்தில் பெலோஸ் என்ற அம்மாளுக்கு அனுப்பியிருக்கிறார். தண்ணீரில் டயாட்டம் என்று ஒருசெல் உயிர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி ஓடு. மூழ்குகிறவன் தண்ணீரை இழுக்கும்போது அவையும் உள்ளே போய், இதயம் துடிக்கிறவரை ரத்தத்தோடு எலும்பு வரைக்கும் போய்விடுமாம். கடலுக்கு ஒரு வகை, குளத்துக்கு வேறு வகை. அவன் எந்தத் தண்ணீரில் மூழ்கினான் என்று சொல்லிவிடலாமாம்.

அந்த அம்மாளிடம் துறைமுகத்துத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் ஏற்கெனவே இருக்கின்றன. மேலே அணைக்கட்டுக் குளத்தின் அடிச்சேறு மட்டும் இல்லையாம். நான் எடுத்துக் கொடுக்கப் போகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உன்
லோர்னா


போர்ட்லண்ட்
17 செப்டம்பர் 1983

லோர்னா,

கடிதம் கிடைத்தது.

அவனைப் படகுத்துறைத் தூண்களுக்கு நடுவிலிருந்துதான் எடுத்தார்கள். எந்தத் தண்ணீரானால் என்ன? செத்தவன் செத்தவன்தான். நீ சேறு அள்ளிக்கொண்டிரு.

அவனுடைய பனிக்கால இருட்டு உனக்குத் தெரியும். நாள்கணக்கில் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பூனால் சூப்பை ஊட்டி, பிழைக்கவைத்தவள் நான். உன்னைக் கட்டிக்கொண்டபோது, இனி இவள் பார்த்துக்கொள்வாள் என்று நிம்மதியாக இங்கே வேலைக்கு வந்தேன். அன்று சாயங்காலம் சண்டை போட்டு அவனை வெளியே போகவிட்டாய். அவன் திரும்பி வராதபோதும் தூங்கப் போனாய். போலீஸ்காரர் எழுதிவைத்தது இது. 'கணவன் மனைவி தகராறு.'

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தே இருக்கிறாள். அவன் பெயரையே எடுப்பதில்லை.

யூனிஸ்


விட்கோம் துறை
9 அக்டோபர் 1983

அன்புள்ள யூனிஸ்,

நீ திட்டியாவது எழுதினாயே, அதுவே போதும்.

சேறு எடுக்க மெர்ல்தான் தன் சின்னப் படகில் கூட்டிப் போனார். அணையைத் தாண்டி மீன் ஏறுவதற்குக் கட்டிய மீன்படியை ஆல்டனோடு பார்த்துக்கொண்ட அதே மெர்ல். "லோர்னா, அந்தக் கையை வாயில வெக்காத. போன வருசம் இந்தத் தண்ணியக் குடிச்சுட்டு ரெண்டு வாரம் கக்கூஸ்லயே குடியிருந்தேன். அதுக்கும் ஏதோ பூச்சிதானாம், கண்ணுக்கே தெரியாது, ஆனா ஆளையே கவுத்துருச்சு" என்றார். மாதக்கணக்கில் சிரிக்காதவள், படகு ஆடும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். உடனே வெட்கமாகவும் இருந்தது.

சேற்றை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பெலோஸ் அம்மாள் குள்ளமாக, சட்டையெல்லாம் அமிலம் பட்ட ஓட்டைகளோடு இருக்கிறாள். "வாம்மா, வந்து பாரு" என்று நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தாள். யூனிஸ், அதை எப்படிச் சொல்வேன்! துறைமுகத்துத் தண்ணீரில் சக்கரங்கள், சல்லடைகள், சங்கிலி சங்கிலியாகக் கோத்தவை. குளத்துச் சேற்றில் படகுகள், சீப்புகள், ஒரு மையத்திலிருந்து கைகளை விரித்த நட்சத்திரங்கள். எல்லாமே கண்ணாடி. ஒரு சொட்டில் ஒரு ஊரே இருக்கிறது.

"இதெல்லாம் செடியா, பூச்சியா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்ல. புரோட்டிஸ்ட்டுனு ஒரு பேர் வெச்சிருக்கோம். எதுலயும் அடங்காததையெல்லாம் போட்டுவெச்ச மூட்டை அது. உங்க ஊர் மட்டிய விஷமாக்குனதும் அந்த மூட்டைல ஒண்ணுதான். நாம இழுக்கிற மூச்சுல நல்ல பங்கு தர்றதும் அந்த மூட்டைல இருக்கறதுங்கதான்" என்றாள்.

நீ வேலை பார்க்கும் நீச்சல் குளத்து வடிகட்டியில் வெள்ளைப் பொடி கொட்டுவாயே, அதுவும் பழங்காலத்து டயாட்டம் ஓடுகள்தானாம். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

முடிவு தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

உன்
லோர்னா


போர்ட்லண்ட்
30 அக்டோபர் 1983

லோர்னா,

நான் இங்கே சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பொடியைக் கொட்டுகிறேன். மாவு மாதிரி பறந்து மூக்கில் ஏறும். உன் கடிதம் வந்த அன்று கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. குளத்துத் தண்ணீர் என்றே தெரியவந்தாலும் என்ன? குதிக்க நினைப்பவன் குளத்திலும் குதிப்பான். உன் கண்ணாடி நட்சத்திரம் அவன் மனசில் என்ன இருந்தது என்று சொல்லுமா?

அம்மாவுக்கு இருமல். வேறு விசேஷம் இல்லை.

யூனிஸ்


விட்கோம் துறை
20 நவம்பர் 1983

அன்புள்ள யூனிஸ்,

முடிவு வந்துவிட்டது.

ஆல்டனின் எலும்பில் கடல் வகை எதுவும் இல்லை. எல்லாம் குளத்தில் இருப்பவை. நட்சத்திரத்திலிருந்து உடைந்த ஒற்றைக் கைகளை பெலோஸ் அம்மாளே எனக்குக் காட்டினாள். அவன் மேலே குளத்தில்தான் மூழ்கியிருக்கிறான். வெள்ளம் அவனை அணைக்கு மேலாகத் தள்ளி, ஆறு வழியாகத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது.

நீ கேட்ட கேள்வியை நானும் அவளிடம் கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தண்ணி எதுன்னு நான் சொல்லலாம்மா. மனசு என்னன்னு இதுங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது" என்றாள். பொய்யாக ஆறுதல் சொல்லாமல் இருந்தாளே, அதனால் அவளை நம்பினேன்.

ஊருக்கு வந்ததும் நேரே மெர்ல் வீட்டுக்குப் போனேன். குளம் என்றதும் அவர் கையிலிருந்த காபியை அப்படியே மேஜையில் வைத்தார்.

"லோர்னா, அன்னிக்கு வெள்ளத்துல கிளையும் சருகுமா வந்து மீன்படியை அடைச்சிருந்துச்சு. சாளை எல்லாம் கீழயே முட்டிக்கிட்டு நின்னுது. மறுநாள் ரெண்டு பேருமா எடுக்கலாம்னு இருந்தோம். காலைல நான் போனா, படி கிட்டத்தட்ட சுத்தமா இருக்கு! மீன் பாட்டுக்கு ஏறிப் போவுது. கிளை எல்லாம் கரைல அடுக்கிக் கெடக்கு. வெள்ளமே தள்ளிருச்சுன்னு நெனச்சேன். அப்புறம் இவனக் காணோம்னு ஊரே துறைக்கு ஓடுச்சு. நானும் ஓடினேன். கிளையைப் பத்தி அப்பறம் நெனச்சுக்கூடப் பாக்கல."

"வெள்ளம் எங்கயாவது கிளைய அடுக்கிவெக்குமா மெர்ல்?" என்றேன்.

"பெரிய மரம் ஒண்ணு மட்டும் இன்னும் மேல்படியில குறுக்கால கெடந்துச்சு. அத இழுக்கறப்பத்தான் வழுக்கியிருக்கணும்" என்றார். கிழவர் அழுதுவிட்டார்.

யூனிஸ், அவன் சாகப் போகவில்லை. மீனுக்கு வழிவிடப் போனான். ஆற்றுச் சாளை கடலிலிருந்து ஏறி வரும் அந்த வாரங்களில் அவன் எப்படித் துள்ளிக்கொண்டு இருப்பான் என்று உனக்குத் தெரியாதா? அவன் இருட்டெல்லாம் பனியோடு போய்விடும்.

இதைச் சொல்லும்போது நான் ஜெயித்தமாதிரி இல்லை. இத்தனை மாதமும் நானும் உன்னைப்போலத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

உன்
லோர்னா


போர்ட்லண்ட்
11 டிசம்பர் 1983

அன்புள்ள லோர்னா,

உன் கடிதத்தை வேலையிடத்திலேயே படித்தேன். நீச்சல் குளத்தில் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். பொடி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். இந்த மாதங்களில் உன்மேல் இருந்த கோபத்தைவிட அவன்மேல் இருந்த கோபம் பெரியது. ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா, இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போனானே என்று. அவன் போட்டோவைத் திருப்பி வைத்திருந்தேன். நேற்று எடுத்து நேராக வைத்தேன்.

கோபம் இருந்தவரை எழுந்து நடமாட ஒரு பிடி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சும்மா சும்மா அழுகை வருகிறது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். அன்று என்னதான் சண்டை? போலீஸ்காரர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

யூனிஸ்


விட்கோம் துறை
18 டிசம்பர் 1983

அன்புள்ள யூனிஸ்,

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு ஆள் உயிர் போனதற்கு இதுவா காரணம் என்று ஊர் கேட்குமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மீன் நாற்றம் பிடித்த கையுறையைக் காயவைக்கிறேன் என்று அடுப்புக்குள் போட்டுவைத்திருந்தான். எனக்குத் தெரியாது. ரொட்டியை உள்ளே வைத்துச் சுட்டுவிட்டேன். வீடே நாறிப்போயிற்று. "இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்தக் கையுறை இருக்கணும்!" என்று கத்தினேன். "சரி, அப்ப கையுறையைக் கூட்டிக்கிட்டு நான் கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரேன், நீ கோபம் ஆறு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனான். மெர்ல் வீட்டில் சீட்டாடிவிட்டுத் தாமதமாக வருவான் என்றுதான் படுத்தேன்.

சிரித்துக்கொண்டுதான் போனான், யூனிஸ். ஆனால் 'அவன் சிரிப்பை நம்பாதே, இருட்டிலும் சிரிப்பான்' என்று கல்யாணத்தன்று நீதான் எனக்குச் சொல்லியிருந்தாய். அதனால் அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து, அதற்குள் என்ன ஒளித்துவைத்திருந்தானோ என்று தேடிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஒளிக்கவில்லை. வெறும் சிரிப்புத்தான் அது.

கிறிஸ்துமஸுக்கு ஆல்டன் பிடித்துப் புகைபோட்ட மீனில் கடைசிக் கொத்தை அனுப்புகிறேன். அம்மாவுக்குக் கொடு.

உன்
லோர்னா


போர்ட்லண்ட்
2 ஏப்ரல் 1984

அடியே லோர்னா,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதே. பனிக்காலம் முழுக்க அம்மாவுக்கு நெஞ்சுச் சளி. உன் கடிதத்தை வாசித்துக்காட்டத் தகுந்த நாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன ஞாயிறு நல்ல வெயில். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, குளம், மெர்ல், கையுறை எல்லாவற்றையும் வாசித்தேன்.

கையுறை இடம் வந்ததும் அம்மா, "அந்தக் கழுத எங்கிட்டயும் அதத்தானே செஞ்சான்! ஆப்பிள் பை சுடற அடுப்புல காலுறையப் போட்டான்!" என்று இருமும்வரைக்கும் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "மீன் ஏறிப் போச்சாடி?" என்று கேட்டாள்.

"போச்சும்மா. மெர்ல் பார்த்தார்" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். அவனைப் புதைத்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. மடியில் தலையை வைத்துக்கொண்டேன். யார் மடியில் யார் தலை என்று கேட்காதே.

மே மாதம் சாளை ஏறும்போது அம்மா அங்கே இருக்க வேண்டுமாம். இரண்டாவது சனிக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறோம். அவளுக்குப் படியேற முடியாது, கீழ் அறையைக் கொடு. நான் எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் உன்னைப் பார்த்து எனக்குப் பேச்சு வராது என்று நினைக்கிறேன். கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. நீயே முதலில் ஏதாவது பேசிவிடு. மழை, ரோடு, எதையாவது.

உன்
யூனி