விடுதிப் பிரிண்டர் அடித்த பக்கங்கள்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து மப்பு. மலைக்கோட்டை பாதி தெரியவில்லை. மழையும் இல்லை, துணியும் காயவில்லை. பாப்பாவின் யூனிஃபார்மை ஃபேனுக்கு அடியில் விரித்துக் காயவைத்து அனுப்பினேன்.

நான் எழுதிய ஸ்கிரிப்ட் முழுசாக ஓடிவிட்டது! நடுவில் ஒரு தடவைகூட நிற்காமல். வீட்டு நெட்வொர்க்கில்தான், இருந்தாலும். எந்தெந்தக் கருவி உயிரோடு இருக்கிறது, அதில் எந்தெந்தப் போர்ட், அதாவது உள்ளே போகும் வாசல், திறந்திருக்கிறது, திறந்ததற்குப் பின்னால் என்ன சேவை ஓடுகிறது. எல்லாவற்றையும் அதுவாகவே கேட்டு அதுவாகவே அட்டவணை போடுகிறது. போன மாதம் வரை ஒவ்வொரு கட்டளையாக நானே தட்டி, நானே குறித்து, கழுத்து வலிதான் மிச்சம். பெங்களூர் வேலையை விட்டு இத்தனை வருடம் கழித்தும் கை மறக்கவில்லை. ஆண்டவருக்கு நன்றி.

வீட்டுக்காரர் அருள் எட்டிப் பார்த்து, "ஊரான் வீட்டுக் கதவத் தட்டிப் பாக்குறதுக்குச் சம்பளம் வேறயா?" என்றார். பிறகு அவரே பாத்திரம் கழுவினார். அதற்கும் நன்றி.

நாளை கல்லூரி. அவர்கள் நெட்வொர்க்கில் எங்கே ஓட்டை என்று சோதித்துச் சொல்ல வேண்டும். தனியாக எடுத்த முதல் வேலை. நல்லபடி முடிந்தால் அதே நிர்வாகத்தின் பள்ளிகளையும் எனக்கே தருவதாகத் தாளாளர் ஃபாதர் சொல்லியிருக்கிறார். எடுத்துப்போக: அனுமதிக் கடிதம் (அலுவலகம், கம்ப்யூட்டர் லேப், நூலகம் மட்டும், பெண்கள் விடுதியைத் தொடக்கூடாது), சார்ஜர், குடை, தயிர்சாதம்.

நவ. 5, புதன்

தூறல். பஸ்ஸில் உட்கார இடம்.

நூலகத்தில் மேசை கொடுத்தார்கள். ஸ்கிரிப்டை ஓடவிட்டு மகாராணி மாதிரி டீ குடிக்கப் போனேன். திரும்பினால் அலுவலக வாசலில் விடுதி வார்டன் லூர்து அக்கா. கை நிறையக் காகிதம்.

"நான் ஒண்ணுமே தொடல. விடுதிப் பிரிண்டரு அது பாட்டுக்கு அடிச்சுத் தள்ளுது. எழுத்தப் பாருங்க, பேய் கிறுக்குன மாதிரி!"

"பழைய பிரிண்டருக்கா. மெக்கானிக்க வரச் சொல்றேன்," என்றார் கிளார்க்.

ஒரு தாளை வாங்கிப் பார்த்தேன். பேய் நான்தான். என்ன சேவை என்று அறிய ஸ்கிரிப்ட் அனுப்பும் கேள்விகள் அத்தனையும் அதில். நெட்வொர்க் பிரிண்டருக்கு எது வந்தாலும் அச்சடிக்க மட்டும்தான் தெரியும். இப்படித் தேடும் மென்பொருள் வழக்கமாகப் பிரிண்டரைத் தொடாமல் விட்டுவிடும். ஒன்றையும் விடாதே என்று சேர்த்தது என் அதிகப்பிரசங்கித்தனம்.

சரி, விடுதிக்குள் எப்படிப் போனது? ஓடிப் போய்ப் பார்த்தேன். ஸ்கிரிப்டில் முகவரி எல்லைக்கு /24 போட வேண்டிய இடத்தில் /23. ஓர் எண் குறைந்ததில் எல்லை இரண்டு மடங்காகி, பக்கத்திலிருந்த விடுதியும் உள்ளே வந்துவிட்டது. மடச்சி.

நிறுத்திவிட்டு விடுதி வரிகளை அழிக்கப் போனேன். ஒரு வரியில் கை நின்றது. 'மாடி வராந்தா' என்று பெயர் வைத்த கேமரா. யார் கேட்டாலும் படம் தருகிறது, பாஸ்வேர்டு கேட்பதில்லை. நூலக வைஃபையில் இருக்கும் எவனும் பார்க்கலாம். அப்போது என்னைச் சுற்றி மேசை மேசையாகப் பையன்கள்.

நான் திறந்து பார்க்கவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை.

பழி பிரிண்டர் மேல் விழுந்தாயிற்று. வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும். கேமராவைச் சொன்னால் உள்ளே போனதையும் சொல்லியாக வேண்டும்.

சாயங்காலம் அருளிடம் கொட்டினேன். "நீ சொல்லாம இருந்துருவியா?" என்று மட்டும் கேட்டார். பதில் அவருக்கும் தெரியும்.

நவ. 6, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. நேராக ஃபாதர் அறை. உட்காராமலே சொல்லி முடித்தேன்.

"கடிதத்துல தெளிவாத்தானம்மா போட்டுக் குடுத்தேன்? விடுதிப் பக்கமே போகாதீங்கன்னு?"

"ஆமா ஃபாதர். என் தப்புதான்."

"அப்ப இனிமே எத நம்பி ஒங்ககிட்ட நெட்வொர்க்கக் குடுக்குறது?"

வேலையை அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். கேமராவுக்குப் பாஸ்வேர்டு போடச் சொல்கிறேன் என்று போனை எடுத்தவர், லூர்து அக்காவையும் வரவழைத்தார். கேட்கக் கேட்க அக்காவின் முகம் மாறிவிட்டது.

"அப்ப லைப்ரரில உக்காந்து எவன் வேணாலும் எங்க வராந்தாவப் பாத்திருக்கலாமா, ஃபாதர்? குளியலறையே அந்தக் கடைசிலதான இருக்கு. செல்போன் களவு போகுதுன்னு மாட்டுன அன்னைக்கே பிள்ளைக வேணாம்னுச்சுக. நானும் வந்து சொன்னேன்."

ஃபாதர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேயின்னு ஒன்னயத்தான் வஞ்சேனா நேத்து?" சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர். அந்தக் கைக்கும் நன்றி என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

நவ. 7, வெள்ளி

நல்ல மழை. கரன்ட் போய்ப் போய் வந்தது.

வேலை போனது வலிக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். பள்ளிகளும் போயிற்று. அருளுக்கு லீவு, அவரே வாழைக்காய் வெஞ்சனம் வைத்தார். உப்பு தூக்கல். சொல்லவில்லை.

ஸ்கிரிப்டில் மாற்றியது:
எல்லையைக் கொடுத்ததும் இத்தனை முகவரி, சரிதானா என்று என்னையே திருப்பிக் கேட்க வேண்டும்.
கடிதத்தில் உள்ள எல்லையைத் தனிக் கோப்பில் வைக்க வேண்டும். அதற்கு வெளியே ஒரு முகவரி வந்தாலும் ஓடக்கூடாது.
பிரிண்டரைத் தொடாதே.

பாப்பாவுக்கு லேசாகச் சளி. மிளகு ரசம்.

நவ. 8, சனி

மழை விட்டு, சுள்ளென்று வெயில். மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது போன். லூர்து அக்கா. பின்னால் ஒரே பொம்பளைப்பிள்ளைகள் சத்தம்.

"ஜெனி, கேமராவக் கழட்டியாச்சு. பாஸ்வேர்டெல்லாம் வேணாம், அங்க கேமராவே வேணாம்னு ஃபாதர் நின்னு கழட்ட வச்சாரு."

"நெசமாவாக்கா?"

"நெசந்தாண்டி. இம்புட்டு நாளா தலைக்கு ஊத்திட்டு ரூமுக்குள்ளயே ஃபேனப் போட்டுக்கிட்டுக் கெடந்தோம். இன்னைக்கு அம்புட்டுப் பிள்ளைகளும் வராந்தா வெயில்ல முடியக் காயவச்சுக்கிட்டு நிக்குதுக. நானுந்தான்."

என் வேலையைப் பற்றி ஃபாதர் ஏதாவது சொன்னாரா என்று கேட்க இருந்தேன். போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.