ஜெசி திருவிருந்துக்கு வந்த ஞாயிறு

என் செல்ல அப்பாவுக்கு,

நல்ல செய்திதான், படபடக்காதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நம் ஜெசிக்குத் திடப்படுத்தல் ஆனது. பேராயர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். பிறகு எல்லோரோடும் போய்த் திருவிருந்தில் அப்பமும் திராட்சைரசமும் வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீங்களும் இல்லாத வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது?

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். வாரமெல்லாம் கொச்சி ஜூ டவுனில் சுக்குக் கிடங்கு வேலை, ஞாயிறானால் மட்டாஞ்சேரித் தமிழ்ச் சபையில் பிரசங்கம், இதுதான் நீங்கள். விசுவாசம் அப்பன் வீட்டுச் சொத்தில்லை, அவரவர் வாயால் இயேசுவை அறிக்கையிட வேண்டும் என்பீர்கள். அறியாமல் வாங்கும் திருவிருந்து வெறும் சடங்கு என்பீர்கள். ஆனால் உங்கள் இளைய மகள் ஜெசி டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். திடப்படுத்தலுக்குப் படிக்க வேண்டிய வினாவிடையில் முதல் கேள்வியே அவளுக்கு மனதில் நிற்கவில்லை.

சபையின் பழைய போதகர் ஐயர், அவளைத் திடப்படுத்தலாமா என்று கேட்டபோதெல்லாம் "இப்போ வேண்டாம் ஐயா" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். திருவிருந்துக்கு நாம் எழுந்து முன்னால் போவோம். அவள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருப்பாள். அம்மா இருந்திருந்தால் உங்களோடு சண்டை போட்டிருப்பாளோ என்னவோ.

இப்போதைய ஐயர் கோட்டயத்துக்காரர், மலையாளி. நமக்கு ஆராதனை நடத்துவதற்காகவே தமிழ் எழுத்துக்கூட்டிப் படித்தவர். அவர் முதல்முறை வீட்டுக்கு வந்தபோது ஜெசிதான் சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"மோளே, நீ ஏன் திருவிருந்துக்கு வர்றதில்ல?"

"அப்பா வேண்டாம்னு."

நான் விவரம் சொன்னேன். அவர் உங்களைக் குறை சொல்லவில்லை அப்பா. "அப்பா சொன்னது சரிதான் சேச்சி. அவரவர் வாயால சொல்லணும். ஆனா இவகிட்ட இதுவரைக்கும் யாராவது கேட்டிருக்காங்களா?" என்றார்.

நாம் ஒருவருமே கேட்கவில்லையே!

அதன்பின் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் வந்து அவளுக்குச் சுவிசேஷக் கதைகளைச் சொன்னார். அவள் அதைத் திருப்பி என்னிடம் சொல்வாள். படகில் சீஷர்கள் புயலுக்குப் பயந்து கூச்சல் போட்ட இடத்தில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "சும்மா இரிங்க, அவரு உறங்குறாரு!" என்று அதட்டினாள்.

சபைக் கமிட்டியில் கேட்டபோதுதான் சிக்கல். உங்களோடு எத்தனையோ வருஷம் சேர்ந்து ஜெபித்த செல்லையா மாமாதான் எழுந்தார். "ஷீலா, பாவம் பார்த்து செய்யிற காரியமில்லம்மா இது. உங்க அப்பா இருந்தா சம்மதிச்சிருப்பாரா?"

சம்மதித்திருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும். "மாமா, பேராயர் வந்து எல்லார் முன்னாலயும் கேக்கட்டும். அவ வாயால சொன்னா திருவிருந்து. சொல்லலேன்னா நான் இனிமே கேக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. கூட்டத்தைக் கண்டால் அவள் ஊமையாகிவிடுவாளே, அப்பா.

பயந்தபடியேதான் ஆயிற்று. பேராயர் கேட்ட கேள்விகளுக்கு மற்ற பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். ஜெசி வாயைத் திறக்கவில்லை. பேராயரின் ஊதா அங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பேராயர் படியிறங்கி அவள் பக்கத்தில் வந்தார். "மகளே, இயேசு உனக்கு யாரு?"

அவள் அங்கியிலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா போயாச்சு," என்றாள் ஜெசி. கொஞ்சம் யோசித்தாள். "அப்பா போயாச்சு. இயேசு போகல."

பேராயருக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் சத்தமாகச் சொன்னாள்: "போகமாட்டாரு!"

பேராயர் வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் அவள் தலையில் வைத்தார். அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தை எப்படிச் சொல்வேன்!

திருவிருந்துக்கு முழந்தாளிட அவள் தடுமாறியபோது, ஏற்கெனவே முழந்தாளிட்டிருந்த மாமா நகர்ந்து இடம் விட்டார். அவள் முழங்கையைப் பிடித்து மெதுவாக முழங்காலில் நிற்கவைத்தார். ரசத்தில் வாய்வைத்தவள் முகத்தைச் சுளித்து, "ஐயே, புளிப்பு" என்றாள். கோவில் முழுக்கக் கேட்டது. பாட்டுக் குழுவில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாமா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் நீங்கள் என் கையைப் பிடித்து, "ஜெசிக்குக் குறுக்கே நானே நின்னுட்டேனோ?" என்று கேட்டீர்கள். அதற்கு இன்று என்னிடம் பதில் இருக்கிறது. நின்றீர்கள்தான் அப்பா. ஆனால் இயேசு விட்டுப் போகமாட்டார் என்று அவளுக்கு முதலில் சொன்னது யார்? தினமும் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபித்தது நீங்கள்தானே? நிம்மதியாகத் தூங்குங்கள்.

காக்கநாட்டில் ஆபீஸ் பக்கத்திலேயே வீடு பார்க்கலாம் என்றிருந்தேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் போய் வருவது அலைச்சல்தான், ஆனால் அவளுடைய சபை இங்கேதான் இருக்கிறது. மழையில் ரோடெல்லாம் தண்ணீர் நின்றாலும், ஞாயிறு காலையில் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
ஜெசியின் அக்கா,
ஷீலா