ஆத்தா தொட்ட கையைச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புகிறவர்:
பே. நல்லகாமன், சம்சாரி,
வேம்படிக்கரை கிராமம், அலங்காநல்லூர் வழி,
மதுரை ஜில்லா.

பெறுகிறவர்:
கனம் ஜில்லா சுகாதார அதிகாரி அவர்கள்,
மதுரை.

விஷயம்: எங்கள் ஊரில் திரும்பத் திரும்ப வரும் விஷ சுரம் (டைபாய்டு). மனுதாரனின் மனைவி மாயக்காளைச் சோதித்து, ஆடிக் கடைசி வெள்ளிக்குள் உத்தரவு செய்யக் கோருவது.

மரியாதைக்குரிய ஐயா,

1. நான் மேற்படி ஊரில் புஞ்சை வைத்துப் பிழைப்பவன். பசுமலைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் வாசித்தவன் என்பதால் ஊரார் மனுக்களையெல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பது வழக்கம். கண்மாய் மடை உடைந்ததற்கும் மாடு களவு போனதற்கும் எழுதியிருக்கிறேன். யார் மீது புகார் என்கிற இடத்தில் என் சொந்த மனைவியின் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அதற்காவது குளித்த சுகம் இருந்திருக்கும்.

2. மாயக்காளுக்குக் கல்யாணமான மறு வருஷம் விஷ சுரம் கண்டது. தலைமயிரெல்லாம் கொட்டிப்போய், பாடை கட்ட மூங்கில் வெட்டப் போனவர்களைத் திருப்பிக் கூப்பிடும்படியாகப் பிழைத்தாள். எங்கள் ஊரில் இப்படிப் பிழைத்த பெண்ணை ஆத்தா தொட்டு விட்டவள் என்று சொல்வார்கள். ஆடிக் கடைசி வெள்ளியில் ஊற்றும் கோயில் கூழை அவள் கையால்தான் கரைக்க வேண்டும். காய்ச்சல் கண்ட வீட்டில் மற்றவர்களுக்கு அவள் கையால் சோறு பிசைந்து கொடுத்தால் நோய் அண்டாது என்பது நம்பிக்கை. அன்று முதல் அந்த மரியாதை என் வீட்டுக்கு வந்தது. நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

3. கம்மங்கூழை முதல்நாள் அண்டாவில் காய்ச்சி ஆறவைப்பார்கள். ஆறியதும் மாயக்காள் முழங்கை வரை கையை விட்டுக் கட்டி உடைப்பாள். அதை விடிய விடிய மூடி வைத்து, மறுநாள் மோரும் வெங்காயமும் சேர்த்து ஊருக்கே ஊற்றுவார்கள். முதல் வருஷம் கூழ் குடித்து ஆவணி பிறந்த பிறகு சுரம் வந்தது. ஆடியில் குடித்ததை ஆவணியில் யார் நினைக்கிறார்கள்? தங்கள் ஆட்கள் வந்து கிணற்றில் மருந்து போட்டார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். நாங்களும் காய்ச்சினோம். மறு வருஷமும் ஆவணியில் வந்தது. அந்த ஆடியில் கூழுக்கு இல்லாமல் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்த தவசி வீட்டில் மட்டும் ஒருவரும் படுக்கவில்லை.

4. சுரம் கூடக் கூட, மாயக்காளைக் கூப்பிடுவதும் கூடியது. ஊரே படுத்துக் கிடக்கையில் அவள் ஒருத்திதான் வீட்டுக்கு வீடு நடந்து சோறு பிசைந்து கொடுத்தாள். நோய் இவளைக் கண்டு ஒதுங்குகிறது என்றார்கள். ஒதுங்கியதோ, கூடவே நடந்து வந்ததோ, யாருக்குத் தெரியும்? டி. கல்லுப்பட்டியில் என் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம். அந்தத் தெருவில் அந்தச் சுரம் என்றால் என்னவென்றே தெரியாது. இவள் பானகம் கரைத்தாள். மாதம் முடிவதற்குள் தங்கையும் அவள் கொழுந்தனும் படுத்தார்கள். கொழுந்தன் எழுந்திருக்கவில்லை.

5. எங்களுக்குச் செல்லத்தாய் என்று ஒரு மகள் இருந்தாள். தாய் ஊட்டினால்தான் சாப்பிடுவாள், வேறு யார் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். போன ஐப்பசியில் போய்விட்டாள். இதற்கு மேல் இந்தப் பாராவில் எழுத என்னால் முடியவில்லை.

6. சித்திரையில் அலங்காநல்லூர்ச் சந்தையில் தாங்கள் மாஜிக் லாந்தர் விளக்கில் படம் காட்டியது நினைவிருக்கலாம். வெள்ளைத் துணியில் மயிர் முளைத்த சின்னஞ்சிறு குச்சிகள் தெரிந்தன. இவைதான் அந்தச் சுரம் என்றீர்கள். சனங்கள் சிரித்தார்கள். பிழைத்த சிலருடைய பித்தப்பையில் இவை வருஷக்கணக்காகக் குடியிருக்கும், அவர்கள் கல்லுக்குண்டாக நடமாடுவார்கள், மலத்தில் வெளிப்பட்டுக் கை வழியாகச் சோற்றில் ஏறும், ஏறினாலும் சோறு நாறாது, ருசி மாறாது என்றும் சொன்னீர்கள். அப்போது நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மாயக்காள் கடலை உரித்து என் மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

7. அதிலிருந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுகிற சுத்தமான கைதான். நகக்கண்ணில் அழுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரிகிற பேயாக இருந்தால் வேப்பிலை அடித்து விரட்டலாம். இது சிரித்த முகத்தோடு எதிரே உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்கிறது. எனக்கும் சிறு பிராயத்தில் அந்தச் சுரம் வந்து போனதாம். அதனால்தான் அவள் கையால் தின்றும் உட்கார்ந்து எழுதுகிறேன் போலிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. பெண்டாட்டியைப் பார்த்துப் பயப்படுகிறவனை ஊர் எப்படிச் சிரிக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

8. கோயில் பூசாரி சிவனாண்டியிடம் இந்த வருஷம் கூழை அகப்பை போட்டுக் கரைக்கலாமே என்று நைசாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் எனக்கு மாமன் முறை. “ஆத்தா தொட்ட கையப் பத்தி அப்புடிப் பேசாத மாப்ள, நாக்கு அழுகிப்போகும்” என்றார். உண்மையைச் சொல்லியிருந்தால் நாக்கோடு நின்றிருக்காது. வேலியே பயிரை மேய்ந்தது என்று மாயக்காளைக் கல்லால் அடித்திருப்பார்கள். கடைசி வெள்ளியன்று சுற்றுப்பட்டிச் சனமெல்லாம் கைக்குழந்தையோடு கலயம் ஏந்தி வந்து நிற்கும்.

9. இந்த மனுவை அவளுக்குத் தெரியாமல் அனுப்ப மனம் வராமல், இதுவரை எழுதியதை நேற்று வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் பாரா வரைக்கும் அசையாமல் கேட்டாள். முடித்ததும் வெகு நேரம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “அம்புட்டுப் பேரும் என்னையக் கும்புட்டுல்ல வாங்கித் தின்னாக” என்றாள். இன்று காலையில் எனக்குக் கஞ்சி ஊற்றவும் மறுத்துவிட்டாள்.

10. ஆகையால் தாங்கள் தயை கூர்ந்து, டவாலி போட்ட சர்க்கார் சேவகர் யாருமின்றி, அம்மை குத்துகிறவர் போல ஒருவரை அனுப்பி அவளுடைய மலத்தை வாங்கிச் சோதிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். முடிவு வருவதற்கு நாளாகும் என்றால், கடைசி வெள்ளியன்று கூழில் யாரும் கை விடக் கூடாது என்று பொதுவாக ஓர் உத்தரவு போட்டால் போதும். அதில் அவள் பெயர் வரக் கூடாது. சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் அவள் காலிலும் ஊர்க் காலிலும் விழுந்து கும்பிடுவேன்.

11. உண்டு என்று வந்தால் இன்னொன்று கேட்க வேண்டியிருக்கிறது. மாயக்காள் இப்போது நிறைமாதம். தாங்கள் சொன்ன பித்தப்பையும் பிள்ளையும் ஒரே வயிற்றில் இருக்கின்றன. பிறக்கிற பிள்ளைக்கு அவள் பால் கொடுக்கலாமா, அதைத் தொட்டுத் தூக்கலாமா, வாயைத் துடைத்துவிடலாமா என்பதைத் தமிழில், எளிய சொற்களில் எழுதியனுப்ப வேண்டும். அதை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

இடம்: வேம்படிக்கரை
தேதி: 2-8-1937

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
பே. நல்லகாமன்

மேற்படி சோதனைக்குச் சம்மதித்து மாயக்காள் வைத்த இடது பெருவிரல் ரேகை. வைப்பதற்கு முன் கையைக் கழுவிக்கொண்டாள். தாங்களும் இந்தக் காகிதத்தைத் தொட்ட பிறகு கழுவிக்கொள்ளச் சொன்னாள்.