தளபதிக்குக் கண் திறந்த நாள்

3 ஜூன் 2024
நாங்குநேரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். சுவர் நிறையக் கும்பினி வெள்ளைக்காரர்களோடு நடந்த சண்டையை வரைகிறேன். மேலத்தெருக்காரர்களின் முன்னோரான தளபதி, குதிரைமேல் இருந்து ஒரு சிப்பாயின் கழுத்தை வெட்டுகிறார். ரத்தம் போதவில்லையாம். "இன்னும் தெறிக்கணும் சார்வாள்" என்கிறார் கமிட்டித் தலைவர் அருணாசலம் அண்ணாச்சி. ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? தெறிக்கவிட்டேன்.

9 ஜூன்
தளபதிக்கு முகம் கிடைத்துவிட்டது. மணல் இறக்க வந்த லாரி டிரைவர் மணிராஜ். உட்காரவைத்து வரைந்தேன். "எம் மூஞ்சியா சார்?" என்று வெட்கப்பட்டான். கீழத்தெருக்காரனாம். எந்தத் தெருவாக இருந்தால் என்ன? தாடை அப்படி.

16 ஜூன்
கண் மட்டும் பாக்கி. சாமிக்குச் செய்கிற மாதிரி, நல்ல நேரம் பார்த்து ஊர் முன்னால்தான் திறக்க வேண்டுமாம். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். இருந்தாலும் சுவர் அவர்களுடையது.

20 ஜூன்
கண் திறந்தேன். குலவை போட்டார்கள். அது பாதியிலேயே நின்றது.

கண் வரைகிற வரை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. "இது கீழத்தெரு மணிராஜ்லா?" என்றான் ஒருவன். நான் பெருமையாக, "அவனேதான்!" என்றேன். இந்த வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

21 ஜூன்
மணிராஜை வெட்டிட்டானுவ. காலையில், மண்டப வாசலில், என் கண் முன்னால். நான் படத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். அவன் தன் முகத்தைப் பார்க்க வந்திருக்கிறான், பாவி. மேலத்தெருப் பயலுவ மூணு பேர். தோளில், கன்னத்தில், மறுபடியும் கன்னத்தில். "எங்க தளபதிக்கு ஒம் மூஞ்சியாலே?"

நான் வரைந்த ரத்தம் பூமாதிரி தெறிக்கும். இது கொழகொழன்னு அவன் இறக்கின மணலிலேயே இறங்குச்சு. நான் என்ன செஞ்சேன்? பிரஷ்ஷைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

23 ஜூன்
மணிராஜுக்கு உயிர் இருக்கிறது. ஒரு கண் போய்விட்டது.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். "முகத்த மாத்திரும் வே. நீரு யாரையும் பாக்கல." என் மனைவி ஜெபகனி அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

24 ஜூன்
சுவரைத் தொடவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து, வெட்டிய மூன்று பேரின் முகத்தையும் வரைந்தேன். கண்ணைக் கடைசியில் வரைந்தேன். இன்ஸ்பெக்டர் பார்த்ததும் மூன்று பேரும் யார் யார் என்று சொல்லிவிட்டார்.

2 ஆகஸ்ட்
இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து.

மணிராஜ் வந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். மூன்று பேரும் ஜெயிலில் இருக்கிறார்களாம். அவர்களுடைய ஆட்கள் ஜூன் 25ஆம் தேதிதான் என்னை மறித்து வலது கையை வெட்டினார்கள். ஒரு நாள் பிந்திவிட்டார்கள்.