பதினோராவது நிமிஷம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், கடை நலம், கத்தியும் நலம். நீ நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு உண்டா இல்லையா என்பதை முழுவதும் படித்துவிட்டு நீயே முடிவு செய். ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன், கிழித்துப் போடுவதென்றால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மாமாவுக்குக் காதில் நாலு தையல். காயம் என் உபயம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். அப்பா வாங்கிப் போட்ட வெட்டுக்கட்டை நடுவில் குழி விழுந்து பிளந்துவிட்டது, புதிதாக வேறு வாங்கியிருக்கிறேன், இன்னும் கைக்குப் பழகவில்லை. எனக்கு முட்டி வலி இருக்கிறது, ஆனால் தோள் இன்னும் போகவில்லை, ஒரே வெட்டில் தொடை எலும்பு இரண்டாகும். கோபமும் அப்படியே இருக்கிறது, வயசானால் குறையும் என்று சொன்னவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அது மட்டும் குறையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மார்க்கெட்டுக்கு ஐஸ் கொண்டு வருகிறவர் நம் கடை முன்னால்தான் பாளத்தை இறக்கி, கூர்க் கம்பியால் குத்தி உடைப்பார். கழுத்தில் போனைத் தொங்கவிட்டு ஏதாவது பாட்டு வைத்திருப்பார். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, அதிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாடுகிறவர் இல்லை, மத்தளம் இல்லை, ஒரு கம்பியை மட்டும் யாரோ விடாமல் அறைந்துகொண்டே இருந்தார்கள். இது என்ன இழவு என்று கத்தினேன். பாஞ்சோ அக்கா, என்றார். தோல் கட்டிய உன் ஐந்து கம்பி வாத்தியத்தின் பெயர், ஆறு வருஷமாக என் முன்னால் யாரும் சொன்னதில்லை. கையில் இருந்த ஈரல் தட்டை அப்படியே அவர் மேல் வீசினேன், தோளில் பட்டுச் சட்டையெல்லாம் ரத்தம். மனுஷன் துடைத்துக்கொண்டு, அடிக்கிறதுன்னா அடிங்கக்கா, ஆனா இந்த இடம் முடியட்டும், இப்ப கம்பி அறுந்துரும் பாருங்க, என்றார். அறுந்தது. வாசித்தவர் நிறுத்தவே இல்லை, மிச்சம் இருந்த நாலு கம்பியைப் போட்டு இன்னும் ஆத்திரமாக அடித்தார். ஓங்கிய கத்தியோடு நான் நின்றுகொண்டிருந்தேன், வாடிக்கைக்காரர் அரை கிலோ கேட்டுக் கேட்டு அலுத்துப் போய் அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து தினம் ஒன்று கேட்டேன். ஒருவர் வயலின் வில்லை வைத்துத் தேய்க்கிறார், எலும்பில் ரம்பம் ஓடுகிற மாதிரியே இருக்கிறது. ஒரு அம்மாள் தோல் மேல் சங்கிலியைப் போட்டுக் குலுக்குகிறாள். இன்னொருவர் இருபது நிமிஷம் ஒரே சுரம், எனக்கு அவரைத் தேடிப் போய் அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. நீ அறைக்குள் உட்கார்ந்து மணிக்கணக்கில் சுரண்டியது இதைத்தானே என்று அப்போதுதான் உறைத்தது. பைத்தியம் பிடித்துவிட்டது உனக்கு என்று நினைத்திருந்தேன். ஊர் முழுக்க இந்தப் பைத்தியம் இருக்கிறது என்று யாரடி எனக்குச் சொன்னார்கள்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, புதுசா ஒண்ணு கெடச்சிருக்கு, பதினாலு நிமிஷம், என்று ஐஸ்காரர் போட்டார். டொக் டொக். சின்ன இடைவெளி. பிறகு ஐந்து கம்பியும் சேர்ந்து ஒரே அறை. மறுபடி டொக் டொக், இடைவெளி, அறை. இந்த மார்க்கெட்டில் கத்தி முதுகால் இரண்டு தட்டு தட்டி, மூட்டைப் பார்த்து, மூச்சைப் பிடித்து வெட்டுகிறவள் நான் ஒருத்திதான். கதவத் தட்டிட்டு உள்ள போறா பாரு, ஆட்டுக்குக் கூட மரியாதை, என்று உன் அப்பா கேலி செய்வாரே, அந்தத் தட்டு. ஐஸ்காரர், வாசித்தது யார் என்று போனில் பார்த்து, உன் பெயரைப் படித்தார். நான் ஐஸ் பாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதினோராவது நிமிஷத்தில் ஒரு கதவை யாரோ உதைக்கிறார்கள். பிறகு என் குரல். என்னென்ன வார்த்தை, தாயே, பன்றி கூட அப்படிக் கத்தாது. பிறகு உன் குரல், மெதுவாக, அம்மா, கையப் பாத்துக்கோ, என்று. பிறகு வெட்டு, கம்பி எல்லாம் தெறிக்கிறது, அதற்கப்புறம் நீளமாக ஒரு கிழிசல் சத்தம். தோலு கிழியுதுக்கா, என்று ஐஸ்காரர் உச்சுக்கொட்டினார். முப்பத்தைந்து வருஷம் தோல் உரித்தவளிடம் சொல்கிறார். இழுத்துக் கட்டிய தோலைக் கத்தியால் வெட்டினால் பட்டென்று ஒரே வெடிப்பு, அவ்வளவுதான். அது நீளமாகக் கிழியாது. அது துணி. நீ தலையணை உறையைக் கிழித்த சத்தம்.

அன்று நீ பதிவு செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அப்பா போய் மூன்று வாரம், முன்னறை நிறையச் சொந்தக்காரர்கள், அப்பன் செத்த வீட்டில் இவள் வாத்தியம் வாசிக்கிறாள் என்று ஆளாளுக்கு என் முகத்தில் உமிழ்ந்தார்கள். கடைக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். அது வாத்தியத்தின் தோலைப் பிளந்து, தோலைச் சுற்றியிருந்த இரும்பு வளையத்தில் மோதி வழுக்கி, என் இடது உள்ளங்கையைப் பிளந்தது. நீ உறையைக் கிழித்து என் கையில் கட்டினாய். மாமா ஓடி வந்து யார் வெட்டியது என்று கேட்டபோது, அவதான் கத்தியத் தள்ளினா, என்றேன். அந்தப் பொய்யைச் சொன்ன வாய் இன்னும் அழுகவில்லை. அவன் உன் முடியைப் பிடித்துப் படியில் இழுத்துப் போனான், உன் தலை கைப்பிடிக் கம்பியில் இடித்த ஒவ்வொரு சத்தமும் எனக்கு மேலே கேட்டது. தெருவில் நின்று நீ நிமிர்ந்து பார்த்தாய், மிச்சத் துணி உன் கையிலேயே இருந்தது. நான் சொல்வேன் என்று காத்திருந்தாய். நான் சொல்லவில்லை. பெற்ற தாயை வெட்டியவள் என்று ஆறு வருஷமாக உனக்குப் பெயர், ஆளுக்கு ஆள் நான்தான் கையை விரித்துத் தழும்பைக் காட்டினேன்.

மறுநாள் காலையில் ஐஸ்காரர் போனை வாங்கிக்கொண்டு மாமா கடைக்குப் போய், எல்லோரும் கேட்கிற மாதிரி வைத்தேன். முதலில் சிரித்தான், உன் குரல் வந்ததும் பிடுங்கி எறியப் பார்த்தான். கத்தி தீட்டும் இரும்பால் காதோடு சேர்த்து ஒன்று விட்டேன். சட்டையைப் பிடித்து எலும்புக் கூடை மேல் சாய்த்து, அந்தப் பதினோராவது நிமிஷத்தை மறுபடி போட்டு, அவ தள்ளல, என் கைய நானே வெட்டிக்கிட்டேன், நான் சொன்னது பொய், என்று தொண்டை கிழியக் கத்தினேன். மாமா கழுத்து வழியாக ரத்தம் ஓட, இன்னொரு தடவ போடுக்கா, என்றான். கேட்டுவிட்டு, நான் அவளப் படியில இழுத்தேனேக்கா, என்று அழுதான். நீ இழுத்த, நான் பாத்துக்கிட்டு இருந்தேன், எதுடா பெரிசு, என்று கேட்டேன்.

அன்று மாலையே காதில் கட்டோடு வந்து, நம் படிக் கைப்பிடிக் கம்பி மொத்தத்தையும் ரம்பத்தால் அறுத்து, சம்மட்டியால் நொறுக்கித் தெருவில் போட்டான். மேல்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், அவர்களையும் இரண்டு பேரும் சேர்ந்து விரட்டினோம்.

இத்துடன் ஒரு ஆட்டுத்தோல் அனுப்புகிறேன். நானே மயிர் போகச் சுரண்டியது, விளக்கில் பிடித்துப் பார், ஒரு கீறல் இருக்காது. ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து இழுத்துக் கட்டு, வெயிலில் காய வைக்காதே. இது எதற்கும் ஈடு இல்லை, பிடிக்காவிட்டால் நாய்க்குப் போடு. ஒன்று மட்டும் கேட்கிறேன், அம்மா பாவம் என்று அந்த இடத்தில் என் குரலை எடுத்துவிடாதே. நான் எப்படி இருந்தேன் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. வருவதாக இருந்தால், படியில் இப்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, சுவர்ப் பக்கமாகவே ஏறு. வேளைக்குச் சாப்பிடு. கம்பி முறுக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டு போகாதே, தெறித்தால் கண் போய்விடும். உன் அப்பா ஆயுசையும் சேர்த்து நீ இரு. அந்தத் தலையணை உறையின் பாதி என் பெட்டியில்தான் இருக்கிறது, கறையோடு, துவைக்கவில்லை.

மகளே, கையைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னை வெட்டாமல் வெட்டிய
அம்மா